சங்க அலுவலகத்தில் நான்கு பேருக்கு மட்டும் இணையம்: எப்படிப் பூட்டுவது?

கணக்கக்கா (ஒட்டுசுட்டான்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கணினி படித்தவள் இல்லை. ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடையில் ஒரு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் 4ஜி ரவுட்டருக்கு ஒழுங்காகச் சிக்னல் பிடிக்கும் ஒரே இடம் என் மேசைக்குப் பின்னால் உள்ள மேற்கு யன்னல். அதனால் ரவுட்டர் என் தலைக்கு மேல் இருக்கிறது. இணையம் தொடர்பான எல்லாப் பிரச்சினையும் என் தலையில் விழுவதற்கும் வேறு காரணம் கிடையாது.

ஆறு கணினிகள், ஒரு அச்சு இயந்திரம், இவற்றை வயரால் ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று. அந்தச் சுவிட்சிலிருந்து ஒரு வயர் ரவுட்டருக்குப் போகிறது. களஞ்சியத்துக் கமராப் பெட்டியின் வயரும் ரவுட்டரிலேயே சொருகியிருக்கிறது. போன வருடம் மூடைகள் களவு போன பிறகு பூட்டியது. நெல் வரவுக் கணக்கு என் கணினியில் இருக்கிறது. மற்ற ஐந்து கணினிகளிலும் இருப்பவர்கள் அதைத் திறந்துதான் பதிகிறார்கள். ஆகவே உள்ளுக்குள் எல்லாம் எல்லாவற்றோடும் பேச வேண்டும், எல்லோராலும் அச்செடுக்க முடிய வேண்டும். வெளியே போவது மட்டும் நான்கு பேர்: முகாமையாளர், கொள்வனவு பார்ப்பவர், வங்கி அலுவல் பார்க்கும் தங்கச்சி, நான்.

மாதத்துக்கு 100 ஜிபி வாங்குகிறோம். 17 ஆம், 18 ஆம் திகதிக்குள் முடிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் விவசாயிகளுக்குக் காசு போட வேண்டிய பட்டியலை என் கைத்தொலைபேசியின் டேட்டாவில் நான்தான் வங்கிக்கு அனுப்புகிறேன். அந்தச் செலவை எந்த வவுச்சரில் எழுதுவதென்று இதுவரை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பழி வெளிக்களப் பிள்ளைகள் மேல்: “படம் பார்க்கிறார்கள்.”

நான் செய்து பார்த்தவை:

வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். மூன்று நாள் தாங்கியது. ஒரு கைத்தொலைபேசியில் கட்டம் கட்டமாக ஒரு படம் வருகிறது. இன்னொன்றின் கமராவை அதற்கு நேரே பிடித்தால் போதும், கடவுச்சொல் கைமாறிவிடுகிறது. இந்த வித்தையை எனக்குக் காட்டித் தந்தவனே தேத்தண்ணீர் போடும் பொடியன்தான்.

ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள இலக்கமான மக் முகவரியை ரவுட்டரில் போட்டுத் தடுத்தேன். தடுத்த கைத்தொலைபேசி சிறிது நேரத்தில் வேறொரு முகவரியோடு வந்து நிற்கிறது. பேய் வீட்டில் ஆட்களை எண்ணுவது போல இருக்கிறது.

மூன்றாவதாக, என் சொந்தப் புத்தியில் ஒன்று செய்தேன். வெளிக்களக் கணினிகளில் ஐபி என்ற வலையமைப்பு முகவரியைக் கையால் போட்டு, வெளியே போகும் வழியைச் சொல்லும் கேட்வே என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். அருமையாக வேலை செய்தது. கணக்கு திறந்தது, அச்சு வந்தது, இணையம் இல்லை. பத்தாம் நாள் ஒருவன் என் கணினியை எட்டிப் பார்த்து 192.168.1.1 என்று அங்கேயும் அடித்துவிட்டான். எட்டு இலக்கம்தானே.

இன்னும் இரண்டு சிக்கல்கள். வெளிக்களத்தில் இரண்டு கணினிகளை ஐந்து பேர் மாறி மாறிப் பாவிக்கிறார்கள். கொள்வனவு பார்ப்பவரும் அறுவடைக் காலத்தில் அங்கேதான் போய் இருப்பார். ஆகவே இயந்திரத்தைப் பார்த்துத் தடுத்தால் சரிவராது, ஆளைப் பார்த்துத் தடுக்க வேண்டும். மற்றது, மதியம் 12.30 முதல் 1.30 வரை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இது முகாமையாளர் கேட்டதில்லை, என் நிபந்தனை. சில பிள்ளைகளின் வீட்டில் சிக்னலே இல்லை. கட்டாரில் இருக்கும் தமையனோடு முகம் பார்த்துப் பேச அவர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது.

தலைவர் ஐயா 25,000 ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்கிறார். ஏதாவது வழி உண்டா?

---

மாங்குளம் தம்பி எழுதியது:

அக்கா, சுலபம். கறுப்புப் பட்டியலை விட்டுவிட்டு வெள்ளைப் பட்டியல் போடுங்கள். தடுக்க வேண்டியவர்களைத் தேடிப் பிடிப்பதை விட, விட வேண்டிய நான்கு பேரின் மக் முகவரியை மட்டும் ரவுட்டரில் எழுதிவிட்டால் மற்றவர்கள் எந்த முகவரியோடு வந்தாலும் வெளியேதான். பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் நேரமும் போடலாம். ஒரு சதமும் செலவில்லை.

---

வவுனியா வயர் எழுதியது:

தம்பி சொன்னது பாதி சரி, பாதி ஆபத்து. முதலில் அந்தப் பேய் விடயத்தை முடித்துவிடுகிறேன்.

2019 இல் வந்த ஆண்ட்ரோய்ட் 10 இலிருந்தும், 2020 இல் வந்த ஐஓஎஸ் 14 இலிருந்தும் கைத்தொலைபேசிகள் வைஃபைக்கு உண்மையான மக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு புனைமுகவரியை உண்டாக்கிக் கொடுக்கின்றன. அந்த வலையமைப்பின் அமைப்பில் போய் வேறு முகவரிக்கு மாற்றவும் முடியும். எது புனை, எது அசல் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைமுகவரி. உங்கள் ரவுட்டரின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளைப் பட்டியல் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். ஆனால் அக்கா கேட்டது ஆளை. பட்டியல் பார்ப்பது இயந்திரத்தை. தவிர, இந்த 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் அந்தப் பட்டியல் வைஃபைக்கு மட்டும்தான். வயரில் வரும் கணினியை அது கண்டுகொள்வதே இல்லை.

வேலியை எங்கே போடுவது என்பதுதான் விடயம். நீங்கள் கேட்வேயை அழித்தது, காணிக்கு வேலி போடாமல் ஒவ்வொரு மாட்டின் காலிலும் கயிறு கட்டியது போல. ஒரு மாடு அவிழ்த்தால் போச்சு. வேலி எல்லையில் இருக்க வேண்டும், படலை ஒன்றாக இருக்க வேண்டும், இடையில் புகுந்து போக ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது.

உங்களுக்குச் சாதகமான ஒன்றைக் கவனியுங்கள். ஒரே சுவிட்சில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் பேசும்போது அந்தப் பேச்சு ரவுட்டர் வரைக்கும் போவதே இல்லை; சுவிட்சோடு திரும்பிவிடும். ஆகவே ரவுட்டர் இருக்கும் இடத்தில் எவ்வளவு கடுமையான பூட்டுப் போட்டாலும் உங்கள் கணக்குக்கும் அச்சுக்கும் ஒன்றும் ஆகாது.

மைக்ரோடிக் என்று லத்வியா நாட்டுக் கம்பனி ஒன்று செய்யும் சின்ன ரவுட்டர்கள் இருக்கின்றன. ஐந்து போர்ட் உள்ள சிறியது உங்களுக்குத் தாராளம். வவுனியாவில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள், நீங்கள் சொன்ன காசுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். அதன் முதலாம் போர்ட்டை 4ஜி ரவுட்டருக்கும், இரண்டாம் போர்ட்டை உங்கள் சுவிட்சுக்கும் கொடுங்கள். 4ஜி ரவுட்டரின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். இது மறந்தால் மற்றதெல்லாம் வீண். வைஃபை வேண்டுமானால் வைஃபை உள்ள மொடலாக வாங்குங்கள்.

இனி ஆளைப் பார்க்கும் பகுதி. அதில் ஹொட்ஸ்பொட் என்று ஒன்று இருக்கிறது. விடுதிகளில் வைஃபை பிடித்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பக்கம் வருமே, அதேதான். நான்கு பேருக்கும் தனித்தனிப் பெயர். எந்தக் கணினியில் போய் இருந்தாலும் தன் பெயரைக் கொடுத்தால் இணையம் வரும். கொடுக்காதவருக்குக் கணக்கும் அச்சும் மட்டும். ஒருவர் இத்தனை ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு வைக்கலாம். இந்தச் சின்ன ரவுட்டர்களோடு வழக்கமாக வரும் நிலை 4 உரிமத்தில் ஒரே நேரத்தில் 200 பேர் வரை உள்ளே வரலாம். உங்கள் சங்கத்தின் அங்கத்தவர்கள் எல்லோரும் வந்தாலொழியப் பிரச்சினை இல்லை.

போடும்போது இடறி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் அது கேட்கக் கேட்க ‘அடுத்தது’ அழுத்திக்கொண்டு போகலாம்.

குக்கி மூலம் உள்நுழைவதை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் மூன்று நாளைக்கு அந்தக் கணினி உங்களை நினைவில் வைத்திருக்கும். உங்களுக்குப் பிறகு அதே கதிரையில் இருப்பவர் உங்கள் பெயரிலேயே படம் பார்ப்பார். ஒரு பெயருக்கு ஒரே நேரத்தில் ஒரு இயந்திரம் என்றும் வரையறுத்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கடன் கொடுப்பவர் தானே வெளியே நிற்பார், அடுத்த முறை கொடுக்கமாட்டார். ஃபாஸ்ட்ராக் என்ற விதி ஏற்கனவே போட்டு வரும், அதை முடக்குங்கள். வேகத்துக்காக வைத்தது அது, ஆனால் அதன் வழியாக ஓடும் டேட்டா கணக்கிலும் வராது, வரம்புக்கும் அடங்காது. ஹொட்ஸ்பொட்டின் முகவரித் தொகுதி என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போடுங்கள்.

மதியத்துக்கு ‘மதியம்’ என்று ஒரு பொதுப் பெயர் வையுங்கள். அதற்கு மட்டும் பத்துப் பதினைந்து இயந்திரங்கள் என்று விடுங்கள். 12.30க்கு அதை இயக்கவும் 1.30க்கு நிறுத்தவும் நேர அட்டவணையில் இரண்டு கட்டளைகள். நிறுத்தும் கட்டளையோடு, உள்ளே இருப்பவர்களை வெளியேற்றும் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். படலையைச் சாத்திவிட்டால் முற்றத்தில் நிற்பவர் தானாக வெளியே போய்விடுவார் என்று எண்ண வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல், பெட்டியைத் திறந்தவுடன் அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள், நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2018 இல் இந்த ரவுட்டர்களின் பழைய மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை வழியாக உலகம் முழுவதும் ஏராளமானவற்றுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். திருத்தம் வந்த பிறகும் போடாமல் இருந்தவர்களே அதிகம் மாட்டினார்கள்.

முகாமையாளர் அடுத்ததாக “பேஸ்புக்கை மட்டும் தடுக்க முடியுமா” என்று கேட்பார். எல்லோரும் கேட்பார்கள். அது வேறு வேலை, வேறு தலையிடி. இதை முடித்துவிட்டு வாருங்கள்.

---

பரந்தன்வாசி எழுதியது:

காசே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது, சொல்லாமல் போனால் மனம் கேட்காது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஸ்குவிட் என்ற பிரொக்ஸியை, அதாவது மற்றக் கணினிகளுக்காக இணையத்துக்குப் போய்வரும் மென்பொருளை, ஓடவிடலாம். 1996 முதல் இருக்கும் மென்பொருள், இலவசம். மற்றக் கணினிகளுக்குக் கேட்வே வேண்டவே வேண்டாம்; உலாவியில் அந்தக் கணினியின் ஐபியையும் 3128 என்ற போர்ட்டையும் கொடுத்தால் பெயர், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும். நான் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் இப்படி ஓட்டினேன்.

ஏன் நிறுத்தினேன் என்றும் சொல்ல வேண்டுமே. அந்தக் கணினி இரவும் பகலும் ஓட வேண்டும். ஏப்ரல் மாதத்து வெக்கையில் எங்கள் பக்கத் தூசியோடு அதன் மின்வழங்கி இரண்டு தடவை எரிந்தது. தவிர, உலாவிக்குச் சரி. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் செயலிகள் பிரொக்ஸி வழியாக ஒழுங்காகப் போவதில்லை. அக்காவின் மதிய நேரத் திட்டத்துக்கு இது ஒத்துவராது. வயர் அண்ணா சொன்னதையே செய்யுங்கள்.

ஒன்று மட்டும்: ஆறு கணினியிலும் விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது சின்னச் செலவு இல்லை. ஒரு கணினி இறக்கியதை மற்றவை உள் வலையமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10 இலிருந்து இருக்கிறது. அதைத் திறந்துவிடுங்கள். ஆறு மடங்கு இறக்கத் தேவையில்லை.

---

கணக்கக்கா எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. வயர் அண்ணா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துத் தலைவர் ஐயாவிடம் கொண்டுபோனேன். ஒரு பக்கம் வாசித்துவிட்டு “இது எங்கள் மொழியா” என்று கேட்டார். பிறகு நான் சொன்னேன்: “ஐயா, குளத்தில் தண்ணீர் இருக்கிறது. வயல்காரர் எல்லோரிடமும் போய்த் தண்ணீர் எடுக்காதே என்று கெஞ்சுகிறோம். தண்ணீரைத் திறந்து மூடும் துருசு இல்லை. துருசு வைக்கக் காசு வேண்டும்.” உடனே கையெழுத்துப் போட்டார். நாற்பது வருடம் வாய்க்கால் சண்டை தீர்த்தவர்.

நாளை வவுனியா போகிறேன். பஸ்ஸில் போய்வர ஒரு நாள் போய்விடும் என்பதால் கேட்கிறேன்: வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

---

வவுனியா வயர் எழுதியது:

இரண்டு மீற்றர் வலையமைப்பு வயர் ஒன்று. மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று, மீதிக் காசு இருந்தால். ஒரு கொப்பி. எந்தப் போர்ட்டில் எது, எந்தப் பெயருக்கு எந்த வரம்பு என்று எழுதி வையுங்கள். உங்களுக்கு அடுத்து அந்தக் கதிரைக்கு வருபவர் உங்களைத் திட்டாமல் இருக்கட்டும்.

---

கணக்கக்கா எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

போட்டுவிட்டேன். நானே போட்டேன். முதல் நாள் அச்சு இயந்திரம் செத்துவிட்டது என்று அலுவலகமே என்னைப் பார்த்தது. அதற்குப் பழைய 192.168.1.50 என்ற முகவரியை யாரோ எப்போதோ கையால் போட்டிருக்கிறார்கள். புதிய ரவுட்டர் எல்லாவற்றுக்கும் 192.168.88 என்று கொடுக்கிறது. அச்சு இயந்திரம் பழைய ஊர் முகவரியோடு தனியே நின்றிருக்கிறது. மாற்றிக் கொடுத்தவுடன் காலையிலிருந்து தேங்கிய முப்பது பக்கங்களும் மூச்சு விடாமல் வந்து விழுந்தன.

உள்நுழையும் பக்கம் கைத்தொலைபேசிகளில் தானாகவே வருகிறது. கணினிகளில் சில நேரம் வருவதில்லை, வெறும் பிழைச் செய்திதான் வருகிறது. உலாவியில் 192.168.88.1 என்று அடித்தால் வருகிறது. அதைச் சிட்டையில் எழுதி எல்லாத் திரையிலும் ஒட்டிவிட்டேன். இப்போது இலக்கத்தை நானே ஒட்டுகிறேன் என்று அந்தப் பொடியன் சிரித்தான். சிரிக்கட்டும், இந்த இலக்கம் படலை மட்டும்தான், திறப்பு இல்லை.

இரண்டாவது கிழமை ஒரு வேடிக்கை. காலை இடியோடு மின்சாரம் போய் வந்தது. அன்று மதியம் 12.30க்கு ‘மதியம்’ திறக்கவில்லை. மாலை நாலரைக்குத் திறந்தது. வீட்டுக்குப் போகப் புறப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டார்கள். பார்த்தால், ரவுட்டரின் கடிகாரம் எங்கேயோ நிற்கிறது. யூபிஎஸ் வாங்க மீதிக் காசு இருக்கவில்லை.

இனிப் பெரிய விடயம். இந்த மாதமும் 18 ஆம் திகதி 100 ஜிபி முடிந்துவிட்டது.

கூட்டத்தில் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. காசும் போய், நானும் ‘தெரிந்தவள்’ என்று பெயர் எடுத்து, கடைசியில் அதே 18 ஆம் திகதி. முகாமையாளர் வெளிக்களப் பிள்ளைகள் ஏதோ குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார். ஆனால் மைக்ரோடிக்கில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் எனக்கு விடமுடியாது. கூட்டிப் பார்த்தேன்: நான்கு பேரும் மதியமும் விண்டோஸ் புதுப்பிப்பும் எல்லாம் சேர்த்து 29 ஜிபி. இணைய நிறுவனத்தின் செயலி 100 என்கிறது. 71 ஜிபி எங்கே?

---

வவுனியா வயர் எழுதியது:

கடிகாரம்: இந்தச் சின்ன ரவுட்டர்களுக்குள் மின்கலம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் நேரத்தை மறந்துவிடும். 1970 ஆம் ஆண்டுக்குப் போய் நிற்பவையும் உண்டு. இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபி என்ற பகுதியை இயக்கி, நேர வலயத்தைக் கொழும்பு என்று வையுங்கள். இணையம் வந்தவுடன் தானே சரிசெய்துகொள்ளும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

71 ஜிபி: உங்கள் முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். “கமராப் பெட்டியின் வயரும் ரவுட்டரிலேயே சொருகியிருக்கிறது” என்று நீங்கள் அன்றே எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தும் பேசாமல் போயிருக்கிறேன். வேலியில் பொட்டு இருக்கக் கூடாது என்று பெரிய கதை சொன்னவன் நான்தான்.

அந்தப் பெட்டி இன்னும் 4ஜி ரவுட்டரில்தானே இருக்கிறது? அப்படியானால் அது வேலிக்கு வெளியே. மைக்ரோடிக்கின் கணக்கில் அது வராது, நிறுவனத்தின் கணக்கில் வரும். அதை யாராவது தூரத்திலிருந்து பார்க்கிறார்களா? ஒரு கமராவைத் தெளிவான படத்தில் பார்த்தால் விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடும். அது மணித்தியாலத்துக்கு 900 மெகாபைட்.

---

கணக்கக்கா எழுதியது:

அண்ணா, 71ஐ 18ஆல் பிரித்தேன். நாளுக்கு ஏறக்குறைய 4 ஜிபி. உங்கள் 900 மெகாபைட்டால் பிரித்தால் நாளுக்கு நாலரை மணித்தியாலம். யார் நாலரை மணித்தியாலம் நெல் மூடை பார்ப்பார்கள்?

டேட்டா புதிதாகப் போட்ட அன்று மாலை, வீட்டுக்குப் போகும்போது கமராப் பெட்டியின் கறுப்பு வயரை ரவுட்டரிலிருந்து மெதுவாக இழுத்து வைத்துவிட்டுப் போனேன். இரவு ஒன்பது பத்துக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. தலைவர் ஐயா. “பிள்ளை, களஞ்சியத்துக் கமரா செத்துவிட்டது, கள்ளன் வயரை வெட்டிவிட்டானோ தெரியாது, காவற்காரனை அனுப்பவா?”

காலையில் செயலியைப் பார்த்தேன். முதல் நாள் மாலை இருந்த இலக்கமே அசையாமல் நிற்கிறது.

பிறகு ஐயாவின் மனைவியிடம் கதையோடு கதையாகக் கேட்டேன். களவு போன நாளிலிருந்து இவருக்கு நித்திரை வருவதே அந்தப் படத்தைப் பார்த்தபடிதானாம். தலைமாட்டில் கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, களஞ்சிய வாசல் கமராவைப் பெரிதாக்கிவிட்டுப் படுப்பார். அது நடுச்சாமம் தாண்டியும் ஓடும், சில நாளில் சார்ஜ் இறங்கித் தானே அணையும். சங்கத்தின் 71 ஜிபியும் தலைவரின் தாலாட்டுக்குப் போயிருக்கிறது.

இவ்வளவு நாளும் கூட்டத்தில் தலைகுனிந்து நின்ற வெளிக்களப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? அதைவிட முதல், ஐயாவுக்கு எப்படிச் சொல்வது?

---

மல்லாவிச் செயலாளர் எழுதியது:

பிள்ளை, நான் இன்னொரு சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். தலைவருக்கு ஆளைச் சொல்லாதே, இலக்கத்தைச் சொல். ‘கமராப் பெட்டி: 71 ஜிபி’ என்று மாதாந்த அறிக்கையில் ஒரு வரியாக எழுதி மேசையில் வை. யார் பார்த்தார்கள் என்ற கேள்வியை அவர் கேட்கமாட்டார், நீயும் கேட்காதே.

இன்னொன்று. இப்போது உன்னிடம் யார் எவ்வளவு பாவித்தார்கள் என்ற பதிவு இருக்கிறது. முகாமையாளர் நாளைக்கு யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்றும் கேட்கத் தொடங்குவார். அளவோடு நிறுத்திக்கொள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. ஆட்களின் தரவைத் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பது விளையாட்டில்லை. யாருக்கு இணையம், எந்த நேரம், என்ன பதியப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. தலைவரிடமும் வாங்கு.

---

வவுனியா வயர் எழுதியது:

செயலாளர் ஐயா சொன்னபடி செய்யுங்கள். வயர் வேலையை நான் சொல்கிறேன்.

கமராப் பெட்டியை 4ஜி ரவுட்டரிலிருந்து எடுத்து மைக்ரோடிக்கின் மூன்றாம் போர்ட்டில் சொருகுங்கள். பெட்டிக்குப் பெயரும் கடவுச்சொல்லும் அடிக்கத் தெரியாது. ஆகவே ஹொட்ஸ்பொட்டில் ஐபி பைண்டிங் என்ற இடத்தில் அதன் மக் முகவரியைப் போட்டு, கேள்வி கேட்காமல் விடும்படி வையுங்கள். (பெட்டி கைத்தொலைபேசி போலப் பேய் வேலை காட்டாது, அதன் முகவரி மாறாது.) இப்போது அதுவும் உங்கள் கணக்குக்குள் வந்துவிடும்.

பிறகு கமராப் பெட்டியின் அமைப்பில் துணைப் படவோட்டம் என்று இரண்டாவது ஒன்று இருக்கும். அதை 256 கிலோபிட்டுக்குக் குறைத்து, ஐயாவின் செயலியில் அதையே பார்க்கும்படி மாற்றுங்கள். மணித்தியாலத்துக்கு 115 மெகாபைட். அவர் நாலரை மணித்தியாலம் பார்த்தாலும் மாதத்துக்கு 15, 16 ஜிபிதான். பெட்டிக்குள் பதிவாகும் படம் பழையபடி தெளிவாகவே இருக்கும். கள்ளன் வந்தால் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

4ஜி ரவுட்டரின் மற்றப் போர்ட்டுகள் மேல் ஒரு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

---

கணக்கக்கா எழுதியது:

ஒட்டிவிட்டேன். இன்று 30 ஆம் திகதி, இன்னும் 38 ஜிபி இருக்கிறது. வங்கிப் பட்டியல் அலுவலக இணையத்திலேயே போனது.

அறிக்கையில் அந்த ஒரு வரியை எழுதினேன். தலைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடியும் நேரம், வெளிக்களப் பிள்ளைகளுக்கு மதியம் ஒரு மணித்தியாலம் போதாது, இரண்டாக்கு என்றார். முகாமையாளருக்கு விளங்கவில்லை. ஆக்கிவிட்டேன், அட்டவணையில் ஒரு இலக்கம் மாற்றுவதுதானே.

இரவில் இன்னும் பார்க்கிறார். படம் மங்கல், மூடைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நேற்றுச் சொன்னார். அசைந்தால் மாடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வயர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே முகாமையாளர் இன்று பேஸ்புக்கைப் பற்றிக் கேட்டார். அதற்கு வேறு கேள்வியாகப் போடுகிறேன்.